டோக்கியோபாப் பேரைக் கேட்டாலே ஏன் இத்தனை கோபம்?

மசிப்புட்டி
ஒரு சந்தேகம். மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதைகளை, ஆங்கிலத்தில் போடுகிற டோக்கியோபாப் பதிப்பகத்தின் பாய்ஸ் லவ் (ஆண்களுக்கிடையிலான காதல் கதை) மங்காவையும் டிஸ்னி ஸ்டிட்ச் புத்தகங்களையும் கொஞ்ச நாளாக வாங்கிப் படிக்கிறேன். தாள், அச்சு, மொழிபெயர்ப்பு எதிலும் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் எந்த மங்கா குழுவில் இந்தப் பெயரை எடுத்தாலும் பழைய ஆட்கள் பாய்ந்து வருகிறார்கள். 2011-ல் அமெரிக்க அலுவலகத்தை மூடினார்கள், பிறகு திரும்பி வந்தார்கள் என்பதுவரை தெரியும். ஒரு கம்பெனி மூடியதற்கா இத்தனை வருடக் கோபம்?

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தோழி சொந்தமாக மங்கா பாணியில் கதை வரைகிறாள். பதிப்பகங்களுக்கு அனுப்ப ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதில் இவர்களைச் சேர்க்கலாமா?

ராத்திரிவாசகன்
உட்காருங்கள், கதை பெரியது.

1997-ல் ஸ்டூ லெவி என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸில் மிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி இது. மிக்ஸ்ஸீன் என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள். செய்லர் மூன், பாரசைட், மேஜிக் நைட் ரேயர்த் எல்லாம் அதில்தான் தொடராக வந்தன. செய்லர் மூன் நாயகி உசாகி அங்கே ‘பன்னி’ (ஆங்கில Bunny, முயல்குட்டி) ஆகிவிட்டாள். அது போதாதென்று நடுவழியில் செய்லர் மூனை அந்தப் பத்திரிகையிலிருந்து தூக்கி, ஸ்மைல் என்ற வேறொரு பத்திரிகைக்குக் கொண்டுபோனார்கள். அதற்காகவே சந்தா கட்டியவர்கள் கொதித்துப் போனார்கள். கம்பெனி மேல் ரசிகர்களுக்கு வந்த முதல் கசப்பு அதுதான்.

அப்புறம் இனிஷியல் டி. மலைச்சாலையில் கார் ஓட்டுகிற ஜப்பானியப் பையன்கள் கதை. அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்க வேண்டும் என்று இட்சுகியை ‘இக்கி’ ஆக்கினார்கள், நட்சுகியை ‘நடாலி’ ஆக்கினார்கள். அந்தக் காலத்து ரசிகர் மன்றங்களில் பக்கம் பக்கமாகத் திட்டு விழுந்தது.

ஆனாலும் பெயர் மாற்றத்தை மன்னிக்கலாம். பாதியில் நிறுத்துவதை எப்படி மன்னிப்பது? அதே இனிஷியல் டி ஆங்கிலத்தில் 33-ஆம் தொகுதியோடு நின்றது. ஜப்பானில் 48 தொகுதிகள். 2009 ஆகஸ்டில் ஜப்பானின் பெரிய பதிப்பகமான கோடன்ஷா, ஆங்கிலத்தில் போடக் கொடுத்திருந்த தன் லைசன்ஸ்களைப் புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. ஒரே நாளில் அலமாரியில் பாதி அநாதை. 2011-ல் கடையை மூடியபோது மிச்சமும் அநாதை. ஒரு தொடரை வாங்க ஆரம்பிக்கிற வாசகன், கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று நம்பித்தான் முதல் தொகுதிக்குக் காசு கொடுக்கிறான்.

காபிக்கறை
33 தொகுதி வாங்கியவன் நான். 34-க்கு இன்னும் அலமாரியில் இடம் விட்டிருக்கிறேன் 😭

ஹைவே_ஒன்பது
ராத்திரி அண்ணே, நீங்கள் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். நான் நியூ ஜெர்சியில் வளர்ந்தவள். காமிக்ஸ் கடைக்குள் நுழைந்தால் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள். பள்ளி விட்டதும் பார்டர்ஸ் புத்தகக் கடைக்குப் போய், மங்கா வரிசைக்கு நடுவே தரையில் கால் மடக்கி உட்கார்ந்துவிடுவோம். என்னைப் போல ஏழெட்டுப் பெண்கள் அங்கே இருப்பார்கள். கடைக்காரர்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். அந்த வரிசையை உண்டாக்கியது யார்?

ஜப்பானிய மங்கா வலமிருந்து இடமாகப் படிப்பது. 2002-க்கு முன்னால் ஆங்கில மங்காவில் பெரும்பாலானவை படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி, இடமிருந்து வலமாக அச்சடித்தவை. சாமுராய்கள் எல்லோரும் இடக்கைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். கிமோனோவின் மடிப்பு மாறிப்போய், பிணத்துக்கு உடுத்துகிற விதத்தில் உயிரோடிருப்பவர்கள் உடுத்தித் திரிவார்கள். டோக்கியோபாப்தான் துணிந்து, இனி எல்லாமே வலமிருந்து இடம், படத்துக்குள் வரைந்திருக்கும் ஒலிக்குறிகளைக்கூடத் தொடமாட்டோம் என்று ‘நூறு சதவீதம் அசல்’ முத்திரையோடு இறங்கியது. விலை 9.99 டாலர். திருப்பி வரைகிற செலவு மிச்சம், கையடக்க அளவு, மாதத்துக்கு ஒரு கட்டுப் புத்தகம். தப்பான பக்கத்திலிருந்து திறந்தால் ‘நில், இது புத்தகத்தின் பின்பக்கம்’ என்று ஒரு பக்கம் வரும். நினைவிருக்கிறதா?

இன்று எந்தப் பதிப்பகம் ஆங்கிலத்தில் மங்கா போட்டாலும் அதே முறைதான். ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் 23 தொகுதிகளையும் ஒழுங்காக முடித்தார்களே, அதையும் சொல்ல வேண்டும். என் தலைமுறைப் பெண்கள் காமிக்ஸ் பக்கம் வந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ‘பன்னி’க்காக அதையெல்லாம் அழித்துவிட முடியாது.

ராத்திரிவாசகன்
அழிக்கவில்லை அம்மா. அந்த வரிசையில்தான் நானும் உட்கார்ந்தேன், என்ன, எனக்குக் கால் மடக்க வராது.

ஸ்க்ரீன்டோன்
மசிப்புட்டி, உங்கள் தோழியின் கேள்விக்குத்தான் இந்த இழையில் முக்கியத்துவம் கொடுக்க வேண்டும். மேலே பேசியதெல்லாம் ரசிகர்களின் கோபம். நின்றுபோன ஜப்பானியத் தொடர்களில் பலவற்றை வேறு யாராவது பிறகு எடுத்துப் போட்டுவிட்டார்கள். சோபிட்ஸும் கார்ட்கேப்டர் சகுராவும் டார்க் ஹார்ஸ் பதிப்பகத்திடம் போயின. செய்லர் மூன் 2011-ல் கோடன்ஷாவின் அமெரிக்கக் கிளையிலிருந்து புது மொழிபெயர்ப்பில் வந்தது. ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டை யென் பிரஸ் 2016-ல் பெரிய அளவில் திரும்பப் போட்டது. ரசிகனுக்கு வந்த நஷ்டம் கொஞ்சம் பணமும் சில வருடக் காத்திருப்பும்.

வரைந்தவர்களுக்கு வந்தது வேறு.

2002-லிருந்து ‘ரைசிங் ஸ்டார்ஸ் ஆஃப் மங்கா’ என்று ஒரு போட்டி நடத்தினார்கள். அமெரிக்காவில் மங்கா படித்து, மங்கா போல வரைந்த இளைஞர்களுக்கு அதற்கு முன் போக்கிடமே கிடையாது. சூப்பர் ஹீரோ பதிப்பகங்கள் அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஜெயித்தவர்களுக்கும் கவனத்துக்கு வந்தவர்களுக்கும் சொந்தக் கதையை மூன்று தொகுதிகளாக வரைய ஒப்பந்தம் கிடைத்தது. ஆங்கிலத்திலேயே பிறந்த மங்கா. ஸ்வெட்லானா ச்மகோவாவின் டிராமாகான், எம். ஆலிஸ் லெக்ரோவின் பிசென்காஸ்ட், ஃபெலிபே ஸ்மித்தின் எம்பிக்யூ, பிராண்டன் கிரஹாமின் கிங் சிட்டி எல்லாம் அப்படி வந்தவை. வேலையில் அசல் தரம். யாரும் மறுக்க முடியாது.

அந்தப் புத்தகங்களில் ஏதாவது உங்களிடம் இருந்தால் காப்புரிமைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பலவற்றில் வரைந்தவர் பெயருக்குப் பக்கத்தில் டோக்கியோபாப் பெயரும் இருக்கும். அதாவது நீங்கள் உண்டாக்கிய பாத்திரத்தில் கம்பெனிக்கும் பங்கு. அவர்கள் சம்மதமில்லாமல் அந்தக் கதையை நீங்கள் வேறெங்கும் கொண்டுபோக முடியாது.

இப்போது அதே கம்பெனி போட்ட ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டின் காப்புரிமைப் பக்கத்தைத் திறவுங்கள். அதை வரைந்த நட்சுகி தகாயாவின் பெயர் இருக்கும். ஜப்பானில் மங்கா வரைகிறவருக்கே காப்புரிமை என்பது சாதாரண வழக்கம். பத்திரிகைக்கு வெளியிடும் உரிமை, ஓவியருக்குச் சொத்து. அங்கேயும் சுரண்டல் உண்டு, தூக்கமில்லாத வாரங்கள் உண்டு, அது வேறு பேச்சு. ஆனால் படிக்கிற திசையையும் ஒலிக்குறியையும் அப்படியே இறக்குமதி செய்து ‘நூறு சதவீதம் அசல்’ என்று முத்திரை குத்தியவர்கள், ஓவியர் கையில் சொத்து இருக்கிற அந்த வழக்கத்தை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள்.

காபிக்கறை
இதை இப்படி நான் யோசித்ததே இல்லை.

நேர்கோடு
ஸ்க்ரீன்டோன், கொஞ்சம் எதிர்வாதம். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கவில்லையே? மார்வெல், டிசி இரண்டும் காலங்காலமாகப் பாத்திரத்தை முழுசாகவே எடுத்துக்கொள்கின்றன. இங்கே பாதியாவது கிடைத்தது. முன்பணமும் உண்டு. அத்தோடு அங்கிருந்து கிளம்பியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃபெலிபே ஸ்மித் ஜப்பானுக்கே போய் கோடன்ஷாவின் மார்னிங் டூ பத்திரிகையில் பீப்போ சூ வரைந்தார், பிறகு மார்வெலில் ராபி ரேயஸ் என்ற புது கோஸ்ட் ரைடரை உருவாக்கியதில் பங்கெடுத்தார். ஏமி ரீடர் டிசியின் வெர்டிகோ வரிசையில் மேடம் சனாடு வரைந்தார். ச்மகோவாவின் பள்ளிக்கூடக் கதைகளை இன்று அமெரிக்கக் குழந்தைகள் நூலகத்தில் வரிசையில் நின்று எடுக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் முதல் கதவைத் திறந்துவிட்டது யார்?

ஸ்க்ரீன்டோன்
திறந்துவிட்டார்கள், சரி. ஆனால் நீங்கள் சொன்ன எல்லோரும் வேறு இடத்தில், வேறு கதையோடு வளர்ந்தவர்கள். அங்கே விட்டுவந்த கதைகள் என்ன ஆயின?

சோஃபி கேம்ப்பெல்லின் தி அபாண்டன்ட் ஒரே தொகுதியோடு நின்றது. பெக்கி குளூனனின் ஈஸ்ட் கோஸ்ட் ரைசிங்கும் அப்படியே. ஜென் லீ குவிக்கின் ஆஃப்பீட் இரண்டு தொகுதி வந்தது, மூன்றாவதில் முடிய வேண்டிய கதை, மூன்றாவது வரவே இல்லை. கோடன்ஷா மங்காவை டார்க் ஹார்ஸ் எடுத்துப் போட்ட மாதிரி இவற்றை இன்னொரு பதிப்பகம் எடுத்துப் போட முடியாது, ஏனென்றால் உரிமையில் பாதி டோக்கியோபாப் பெட்டிக்குள் இருக்கிறது. கிங் சிட்டி தப்பித்தது. 2009-ல் இமேஜ் காமிக்ஸோடு ஏற்பாடு செய்து, டோக்கியோபாப் பெயரையும் சேர்த்துப் போட்டு, மிச்சக் கதையை வெளிக்கொண்டுவந்தார்கள். ஆஃப்பீட் பல வருடம் கழித்து, வாசகர்கள் போட்ட நிதியில், கிரோமாட்டிக் பிரஸ் என்ற சின்னப் பதிப்பகம் வழியாக முடிவுக்கு வந்தது. மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மார்வெல் ஒப்பீடு சரியாக வராது. ஸ்பைடர்மேன் வரையப் போகிறவனுக்கு அது தன் பாத்திரமில்லை என்று முதல் நாளே தெரியும். இங்கே வந்தவர்கள் பதினாறு வயதிலிருந்து நோட்டுப் புத்தகத்தில் வளர்த்த கதையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் படக்கதை வரைகிறவள் என்பதால் சொல்கிறேன். எனக்கும் ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) இப்படிப் பங்குரிமைத் தாள் நீட்டினார்கள். அன்றைக்கு எனக்கு வாடகை கட்டப் பணமில்லை. ‘யாரும் கட்டாயப்படுத்தவில்லை’ என்பது அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் வசதியான வாக்கியம்.

ராத்திரிவாசகன்
2008-ல் நடந்த கூத்தை யாரும் சொல்லவில்லையே.

ஸ்க்ரீன்டோன்
வருகிறேன் அண்ணே. இதுதான் ஓவியர்கள் மத்தியில் பெயர் கெட்டுப்போன உச்சகட்டம்.

2008 மே மாதம் ‘மங்கா பைலட்ஸ்’ என்று ஒரு திட்டம். 24 முதல் 36 பக்கம் வரை ஒரு முன்னோட்டக் கதை வரைந்து தர வேண்டும், பிடித்திருந்தால் தொடராகும். அதற்கான ஒப்பந்தத்தை இணையத்திலேயே போட்டார்கள். வக்கீல் மொழி வேண்டாம் என்று, கல்லூரிப் பிள்ளை அரட்டையடிக்கிற தொனியில் எழுதியிருந்தார்கள். அதில் தார்மிக உரிமை பற்றிய பத்தி இருக்கிறதே, அதுதான் தீயைப் பற்றவைத்தது. தார்மிக உரிமை என்றால் படைப்போடு உங்கள் பெயர் இருக்க வேண்டும், உங்கள் சம்மதமில்லாமல் படைப்பைச் சிதைக்கக் கூடாது என்கிற உரிமை. அது ஏதோ பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்த ஆடம்பரச் சரக்கு என்கிற மாதிரிக் கேலியாகச் சொல்லி, அதை விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். இடநெருக்கடி உள்ள இடங்களில் உங்கள் பெயர் எப்படி வரும், வருமா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்களாம்.

ஸ்காட் பில்கிரிம் படக்கதையை வரைந்த பிரையன் லீ ஓ’மேலி வெளிப்படையாக எழுதிக் கிழித்தார். வேறு பல ஓவியர்களும் வரிசையாக வந்து, இளைஞர்களே கையெழுத்துப் போடாதீர்கள் என்றார்கள். அடுத்த மாதமே கம்பெனி இரண்டாகப் பிரிந்தது, 39 பேருக்கு வேலை போனது, வெளியீடு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது.

கவனிக்க: அந்த ‘ஆடம்பரச் சரக்கு’ ஜப்பானியச் சட்டத்தில் கைமாற்றவே முடியாத உரிமை. நம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்திலும் 57-ஆவது பிரிவு அதுதான். காப்புரிமையை விற்ற பிறகும் பெயர் கேட்கிற உரிமை எழுதியவனுக்கு உண்டு.

நேர்கோடு
இந்தத் தொனி எனக்குப் புதுச் செய்தி. ஒப்பந்தத்தை எளிய மொழியில் எழுதுவது நல்ல விஷயம்தான். பறிக்கிற இடத்தில் மட்டும் தோளில் கைபோட்டுப் பேசுவது கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று யாராவது சொல்லுங்கள். ஆரம்பத்திலிருந்தே கெட்டவர்கள் என்று நான் நம்பத் தயாரில்லை.

கணக்குப்பிள்ளை
இதற்கு நான் வருகிறேன், இது என் பாடம்.

அமெரிக்காவில் மங்கா போடுகிற விஸ் மீடியாவுக்குச் சொந்தக்காரர்கள் ஷுவேய்ஷா, ஷோகாகுகான் என்ற ஜப்பானியப் பெரிய பதிப்பகங்கள். கோடன்ஷா சொந்தக் கிளை வைத்துவிட்டது. யென் பிரஸ்ஸுக்குப் பின்னால் அன்று ஹசெட் பதிப்பகம், 2016-லிருந்து ஜப்பானின் கடோகாவா. டோக்கியோபாப்புக்குப் பின்னால் எந்த ஜப்பானியப் பெரிய கையும் கிடையாது. அவர்கள் விற்றதெல்லாம் வாடகை வீடு. வீட்டுக்காரன் 2009-ல் செய்த மாதிரி எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லலாம். இது லெவிக்கு முன்பே தெரிந்திருக்கும். அதனால்தான் சொந்தச் சொத்து தேடினார்கள். சொந்தப் பாத்திரம் இருந்தால் சினிமாவுக்கு விற்கலாம், பொம்மைக்கு விற்கலாம், செல்போனுக்கு விற்கலாம். அந்தச் சொத்தை உண்டாக்க மிக மலிவான வழி, முதல் புத்தகத்துக்கு ஏங்குகிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்.

சினிமா ஆசை கடைசிவரை அவர்களை விட்டுப் போகவில்லை. கொரிய ஓவியர் ஹியுங் மின்-வூவின் பிரீஸ்ட் தொடரை ஆங்கிலத்தில் போட்டவர்கள் இவர்கள்தான். அது ஹாலிவுட் படமாகி 2011 மே 13 அன்று திரைக்கு வந்தது. அந்த மாதம் 31-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் பதிப்பு அலுவலகத்துக்குப் பூட்டு.

பார்டர்ஸ் விஷயமும் இருக்கிறது. ஹைவே அக்கா உட்கார்ந்த அதே கடைதான். 2011 பிப்ரவரி 16 அன்று திவால் மனு போட்டது. பதிப்பாளர்களுக்குத் தர வேண்டிய பணம் அப்படியே நின்றது. மங்கா அதிகம் விற்ற சங்கிலிக் கடையே படுத்துவிட்டால், ஏற்கெனவே கோடன்ஷாவை இழந்த கம்பெனி என்ன செய்யும்? ஆகவே மூடியதற்கு முழுப் பழியும் அவர்கள் மேல் போட மாட்டேன். மூடிய பிறகு ஓவியர்களின் கதைகளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டதற்குப் பார்டர்ஸ் காரணமில்லை.

ஹைவே_ஒன்பது
‘வாடகை வீடு’ சரியான வார்த்தை. ஜெர்மனிக் கிளை மட்டும் மூடாமல் தொடர்ந்து நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே அவர்களுடைய பெயர் இத்தனை கெடவில்லை.

வேலை பார்த்த எடிட்டர்கள் பாவம். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வாசகர் கடிதங்களுக்குப் பதில் போட்டு, ரசிகர் படங்களை அச்சிட்டு, எங்களை ஒரு கூட்டமாகச் சேர்த்தது அவர்கள். ஆஃப்பீட்டை முடித்துக்கொடுத்த கிரோமாட்டிக் பிரஸ்ஸைத் தொடங்கிய லியான் சென்டார்கூட டோக்கியோபாப் புத்தகங்களில் வேலை செய்தவர்தான். கம்பெனியைத் திட்டும்போது அவர்களையும் சேர்த்துத் திட்டுகிறோமோ என்று எனக்கு உறுத்தும்.

தொகுதி_பூஜ்யம்
இனிஷியல் டி 34 முதல் 48 வரை ஸ்கேன் என்னிடம் இருக்கிறது, லிங்க் வேண்டுமா

நெறியாளர்
வேண்டாம். மேலே இருந்த லிங்க் நீக்கப்பட்டது. ஓவியர்களின் உரிமை பற்றிப் பேசுகிற இழையில் இதைப் போட ஒரு தைரியம் வேண்டும்.

காபிக்கறை
😂😂

மசிப்புட்டி
எல்லோருக்கும் நன்றி. தோழி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்பது: 2015-ல் திரும்பி வருவதாகச் சொன்ன பிறகு மாறியிருக்கிறார்களா? ‘இன்டர்நேஷனல் விமன் ஆஃப் மங்கா’ என்று வெளிநாட்டுப் பெண் ஓவியர்களின் புத்தகங்களைப் போடுகிறார்களே, அது நல்ல அறிகுறி இல்லையா?

ஸ்க்ரீன்டோன்
நல்ல புத்தகங்கள் அவை, நானா யாவின் கோல்ட்ஃபிஷ் எனக்கே பிடிக்கும். அது முதலில் ஜெர்மன் கிளையில் வந்தது. வாசகியாக நீங்கள் இன்று அவர்களிடம் வாங்குவதில் எனக்கு எந்த மனத்தடையும் இல்லை. வாங்குகிற காசில் ஒரு பகுதி அந்தப் பெண்களுக்குப் போகிறது.

ஓவியராக அனுப்புவது தனிக் கேள்வி. நான் பட்டியலில் கீழே வைப்பேன், அடிக்க மாட்டேன். எந்தப் பதிப்பகமாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது முன்பணத் தொகையை இல்லை, காப்புரிமை வரியை. உங்கள் பெயர் மட்டும் இருக்கிறதா, பக்கத்தில் இன்னொரு பெயரா? அடுத்து, உரிமை எப்போது உங்களிடம் திரும்பும்? ‘அச்சில் இல்லாதபோது’ என்று மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள். மின்னூலாக ஒரு கோப்பு எங்கோ விற்பனையில் கிடந்தால் புத்தகம் ‘அச்சில் இருக்கிறது’ என்று சொல்லிவிடுவார்கள். வருடத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும் என்று எண்ணாகவே எழுதச் சொல்ல வேண்டும். சினிமா, விளையாட்டு, பொம்மை உரிமைகளைப் புத்தக உரிமையோடு ஒரே மூட்டையில் கட்டித் தராதீர்கள். தொடர் பாதியில் நின்றால் மிச்சத்தை வேறிடத்தில் முடிக்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். ஆஃப்பீட் வாசகர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தது அந்த இடத்தில்தான்.

நேர்கோடு
தார்மிக உரிமைப் பத்தியும்.

ஸ்க்ரீன்டோன்
ஆமாம், அதுவும். ‘விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற சொல் எங்கே வந்தாலும் சிவப்பு மசியால் அடிக்கோடு போடுங்கள்.

மசிப்புட்டி
கேட்கிறாள்: எத்தனை பிரதி என்று எழுதச் சொல்வது? நூறா, ஆயிரமா?

கணக்குப்பிள்ளை
முதல் அச்சு எத்தனை என்று முதலில் அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். அதைச் சொல்லத் தயங்குகிற பதிப்பகத்தோடு எந்த எண்ணைப் பேசியும் பயனில்லை. சொன்னால் இங்கே வந்து போடுங்கள், சேர்ந்து கணக்குப் போடலாம்.